எண்ணூர் ஜெட்டியில் கான்கிரீட் தளத்தை அறுத்துத் தூக்கிய வேலை

கான்கிரீட் அறுக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் அறுப்பீங்க?" என்பதுதான். அறுத்த துண்டை அதற்கப்புறம் எது தாங்கும் என்று கேட்பவர்கள் குறைவு. தரையோடு கிடக்கும் தளமென்றால் அந்தக் கேள்விக்கு அவசரமில்லை. துண்டு அங்கேயே கிடக்கும், நாளைக்குக் கூட எடுத்துக்கொள்ளலாம். கீழே தண்ணீர் ஓடும் ஜெட்டியில், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் துறைமேடையில், அப்படி இல்லை. கடைசி அங்குலம் அறுபடும் நொடியில் நான்கு டன் எடை எங்கே போய் உட்காரும் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். போன பங்குனியில் செய்த வேலையை எழுதி வைக்கத் தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

இடம், எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே ஒரு தொழிற்சாலையின் பழைய சரக்கு ஜெட்டி. பைல் (தண்ணீருக்குள் ஊன்றிய தூண்) வரிசைகளின் மேல் 5 மீட்டருக்கு ஒரு குறுக்கு பீம். பீமின் அகலம் 80 செ.மீ., ஆகவே இரண்டு பீம்களுக்கு நடுவே 4.2 மீட்டர் இடைவெளி. அதன் மேல் முன்வார்ப்புப் பலகைகளை அடுக்கி, மேலே கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் இரண்டும் சேர்ந்து 40 செ.மீ. கனம். பாலத்துக்குச் சொல்வதுபோல் சொன்னால் மூன்று கண்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம். பீமையும் பைலையும் விட்டுவிட்டுத் தளத்தை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு அதே பீமின் மேல் புதுத் தளம் வரும்.

மேலிருந்து பார்த்தால் தளத்துக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் இருந்தது. படகில் அடியில் போய் டார்ச் அடித்தபோதுதான் நிலைமை தெரிந்தது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டுவிட்டால், துரு பிடித்த இரும்பு தன் பழைய கன அளவைவிடப் பல மடங்கு வீங்கும். அந்த வீக்கம்தான் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. 20 மி.மீ. கம்பி சில இடங்களில் 12 மி.மீ. கூடத் தேறவில்லை, கையால் தட்டினாலே ஏடு ஏடாக உதிர்ந்தது. இப்படிப்பட்ட தளத்தின் மேல் வேலை செய்யும் இயந்திரத்தின் எடையையும் யோசிக்க வேண்டியிருந்தது. முக்கால் டன் எடையுள்ள தரை அறுப்பு வண்டியை அதன் மேல் உருட்டும் எண்ணத்தை அன்றே கைவிட்டோம். தண்டவாளத்தில் ஓடும் வட்டப் பிளேடு வால் சாவும், வைர மணி கோத்த வடத்தால் அறுக்கும் வயர் சாவும் போதும் என்று முடிவெடுத்தோம்.

பிரேக்கர் வைத்து உடைக்கலாமே என்று ஆலைத் தரப்பில் கேட்டார்கள். உடைக்கலாம்தான். ஆனால் நிற்கப்போகிற பீமுக்கும் பைலுக்கும் அந்த அதிர்வு போகும், உடைசல் எல்லாம் ஆற்றில் விழும். பக்கத்திலேயே எண்ணெய்க் குழாய் போவதால் கேஸ் கட்டிங்குக்கும் அனுமதி கிடையாது. வைரப்பல் வைத்து நனைத்து அறுப்பது ஒன்றுதான் பொருந்திய வழி. நனைத்து அறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வெளியே வராது. எங்கள் தொழிலில் ஐம்பது வயதில் இரண்டு மாடி ஏற முடியாமல் நிற்கிற மூத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உலர்வெட்டுக்கு என் வேலையிடத்தில் இடமில்லை.

அறுப்பதற்கு முன்னால் ஒரு சந்தேகம் தீர வேண்டியிருந்தது. முன்வார்ப்புப் பலகை என்றால் உள்ளே இழுத்துக் கட்டிய முன்தகைவுக் கம்பி இருக்கலாம். அதை அறுத்தால் அடைபட்டிருந்த விசை சட்டென்று விடுபடும், பலகை எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. இரண்டு இடங்களில் அடியைக் கொத்திப் பார்த்தோம். சாதாரண முறுக்குக் கம்பிதான். அப்புறம்தான் வெட்டுக் கோடு போட்டோம்.

கோட்டின் வரிசைதான் இந்த வேலையின் உயிர். தளத்தின் பாரம் பீமிலிருந்து பீமுக்குப் போகிறது, முக்கியக் கம்பியும் அதே திசையில். ஆகவே முதலில் அந்தத் திசையிலேயே 1 மீட்டருக்கு ஒரு நீளவெட்டு. இப்படி வெட்டினால் ஒவ்வொரு பட்டையும் இரண்டு முனையிலும் பீமில் உட்கார்ந்தபடியே இருக்கும், முக்கியக் கம்பியும் அறுபடாது. கண்ணின் நடுவே குறுக்காக முதலில் வெட்டிவிட்டால் இரண்டு பாதிகளும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். துருப்பிடித்த கம்பியை நம்பி அப்படி நிறுத்த முடியாது. பீமோரம் குறுக்காகப் போடும் முனைவெட்டு எப்போதும் கடைசி, அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பட்டைக்கு மட்டும்.

முனைவெட்டு போடும்போது பட்டையைத் தாங்குவது யார்? வழக்கமாகக் கிரேனில் மாட்டி, ஸ்லிங்கை (தூக்கு வடத்தை) இறுக்கி வைத்துக்கொண்டு அறுப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கிரேன் எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்பது ஆபரேட்டரின் கையைப் பொறுத்தது. அதிகம் இறுக்கினால் கடைசி நூலில் துண்டு எகிறும், குறைத்தால் இறங்கி பிளேடைக் கவ்வும். அதனால் ஐ.எஸ்.எம்.பி. 300 (300 மி.மீ. உயர ஐ வடிவ இரும்பு) பீம் இரண்டை இணையாகச் சேர்த்து, பட்டைக்கு மேல் ஒரு குறுக்கு பீமிலிருந்து அடுத்ததுக்குப் பாலம்போல் வைத்தோம். பட்டையைத் தொடாமல் இருக்க முனைகளில் தகடு அடுக்கினோம். பட்டையில் நான்கு கோர் துளை (உருளையாகக் குடைந்தெடுக்கும் துளை) போட்டு, மரையிட்ட கம்பிகளை அடிவரை இறக்கி, கீழே தகடு வைத்து நட் பூட்டினோம். இனி பட்டை இரும்பு பீமில் தொங்குகிறது, இரும்பு பீம் ஜெட்டியின் பீமில் உட்கார்ந்திருக்கிறது. முனைவெட்டு முடிந்தாலும் எதுவும் அசையாது. கிரேன் வரும் நேரத்தில் வரட்டும், பீமும் பட்டையுமாகச் சேர்த்தே தூக்கிக்கொள்ளலாம்.

துளைகளின் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முனையிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப் பிடித்தால் பட்டையில் வளைவுவிசை மிகக் குறைவாக இருக்கும். இரண்டு முனையில் பிடிப்பதோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். 4.2 மீட்டருக்கு அது 85 செ.மீ. கம்பி துருவேறிய கான்கிரீட் நடுவில் முறியாமல் வர இந்த 85 செ.மீ. பெரிய உதவி. மேல்பரப்பில் ஆங்கர் போல்ட் அடித்துத் தூக்கும் யோசனையும் வந்தது. சுத்தியலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிற தளத்தில் ஆங்கரை நம்பக் கூடாது.

முனைவெட்டைச் செங்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்த்துப் போட்டோம். மேலே நீளமும் கீழே குட்டையுமாக ஆப்பு வடிவில் வரும். அப்படியிருந்தால் பட்டை கீழ்நோக்கி நழுவ முடியாது, மேல்நோக்கி இழுத்தால் சிக்காமல் வரும்.

இனி எடை. 4.2 மீ. நீளம், 1 மீ. அகலம், 0.4 மீ. கனம்: 1.68 கன மீட்டர். கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு இரண்டரை டன். ஆக 4.2 டன். இரும்பு பீமும் கம்பியும் தகடும் 0.6 டன். மொத்தம் 4.8. கிரேனைப் பழைய தளத்தில் ஏற்ற முடியாது என்பதால் கரையிலேயே நிறுத்தினோம். அங்கிருந்து கை நீட்டும் தூரத்துக்கு, கொக்கி பிளாக்கைக் கழித்தபின், கிரேனின் எடைச் சார்ட் காட்டியது 7 டன். அதில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்: 5.6 டன். ஸ்லிங்குக்கும் இதே 5.6-ஐ வைத்துத்தான் கணக்கு. நான்கு கால் இருந்தாலும் பாரம் இரண்டு காலிலேயே நிற்கும் என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம். ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி நின்றால் ஒரு காலுக்கு 3.2 டன். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 5.6 டன் ஏறும். தூக்குகிற எடை அதேதான், சாய்வு மட்டும்தான் மாறியது. புதிதாக வரும் ரிக்கர் (பாரம் கட்டித் தூக்குபவர்) பையன்களுக்கு இதைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவேன்.

அறுப்பு ஆரம்பித்த முதல் நாளே பிளேடு சண்டித்தனம் செய்தது. சத்தம் கீச்சென்று ஏறியது, சகதி வரவில்லை, ஆழம் கூடவில்லை. பல்லைத் தொட்டால் கண்ணாடிபோல் வழுவழுப்பு. சென்னைப் பக்கத்துப் பழைய கட்டுமானங்களில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். இங்கே ஜல்லி பெரும்பாலும் பல்லாவரம் வகைக் கருங்கல். ஜாப் சார்னாக்கின் கல்லறைக்காகக் கல்கத்தாவுக்குப் போன கல் இந்த வகைதான், அதை வைத்தே புவியியலில் சார்னகைட் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு கெட்டியான கல் வைரத்தின் முனையை மழுக்கிவிடும். வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகமும் கெட்டியாக இருந்தால், அது தேய்ந்து புது வைரத்தை வெளியே விடாது. கெட்டிக் கல்லுக்கு மிருதுவான பிணைப்பு, அரிக்கும் கல்லுக்குக் கெட்டியான பிணைப்பு. கேட்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரி. ஒரு ஏஏசி பிளாக்கை (இலேசான நுரைக் கான்கிரீட் கல்லை) நாலைந்து முறை அறுத்துப் பல்லைத் திறந்து அன்றைய பொழுதை ஓட்டினோம். மறுநாள் மிருதுவான பிணைப்புள்ள பிளேடு வந்தது. 600 மி.மீ. பிளேடில் வழி போட்டு, 800 மாட்டி, பிறகு 1000. எடுத்த எடுப்பில் பெரிய பிளேடைப் போட்டால் ஆடும், கோடு விலகும்.

நீளவெட்டு ஓடும்போதே வெட்டுக்குள் இரும்பு ஆப்பு செருகிக்கொண்டே வந்தோம். பட்டை மயிரிழை அசைந்தாலும் பிளேடு மாட்டிக்கொள்ளும்.

சகதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுக்கும்போது வரும் சாம்பல்நிறத் தண்ணீர் சாதாரண அழுக்குத் தண்ணீர் இல்லை. சிமெண்ட் கலந்ததால் கடும் காரம், பி.எச். 12 வரை போகும். மீன் செவுளுக்கு அது தீ. எங்களுக்குப் படகு ஓட்டிய பெரியவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். முதல் நாள் காலையில் அடித்தளத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இந்தத் தண்ணி எங்க போவும்?" 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அதற்கெல்லாம் முன்னிருந்தே அனல்மின் நிலையச் சாம்பல் என்று அந்த ஆறு தாங்கியது போதும். அங்கே இன்னும் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்கள்மேல் என் வேலையின் கழிவு போகக் கூடாது. வெட்டுக் கோட்டுக்கு அடியில் தகரத் தொட்டி கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே தார்ப்பாய் விரித்து, பம்ப் வைத்து டிரம்மில் ஏற்றினோம். ஒரு இரவு தெளியவிட்டு மேல்தண்ணீரை மறுபடி அறுப்புக்கே எடுத்தோம். ஒன்றரை நாள் கூடுதலாகச் செலவானது. அந்தச் செலவை முதலிலேயே மதிப்பீட்டில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வேலை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

முதல் கண்ணில் மூன்றாவது நீளவெட்டில் 1000 மி.மீ. பிளேடு அடிவரை போகவில்லை. மெஷின் ஓட்டிய தம்பி 1200 மாட்டி முடித்தான். "அடியில பலகை கொஞ்சம் தொங்கியிருக்கும் போல, அண்ணா" என்றான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அங்கே நான் நின்றிருக்க வேண்டும்.

பீம் பக்கத்தில் வட்டமான பிளேடு அடி மூலை வரை போகாது. அந்த மிச்சத்தையும் முனைவெட்டையும் வயர் சா எடுத்துக்கொண்டது. மூலைகளில் 100 மி.மீ. துளை போட்டு, ஒன்றில் வயரை இறக்கி, அடியில் படகிலிருப்பவர் வாங்கி, அடுத்த துளை வழியாக மேலே கொடுப்பார். இந்தக் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் தளத்துக்கு அடியில் தலை நிமிர அந்த ஒரு மீட்டர் வேண்டும். அதனால் வயர் கோப்பதும் அடி நட் பூட்டுவதும் வற்று நேரத்தில் மட்டும். ஒரு நாள் அது காலை ஐந்தரைக்கு, இன்னொரு நாள் ஏழுக்கு. மற்ற வேலையெல்லாம் அதைச் சுற்றி ஒதுங்கிக்கொண்டது.

முதல் பட்டை ஓரப் பட்டை. கொக்கிக்குக் கீழே மாட்டிய லோடு செல் (எடைமானி) 4.9 டன் காட்டியது. கணக்குக்குப் பக்கத்தில்தான். கிரேன் ஆபரேட்டர் நிதானமானவர். ஒரு கையகலம் தூக்கி நிறுத்தி, இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் சுழற்றினார். இரண்டாவது பட்டை 5.2. கொஞ்சம் கூடுதல், ஈரம் ஊறியிருக்கும் என்று பேசிக்கொண்டோம். மூன்றாவதற்கு ஸ்லிங் இறுகியது. செல் 5.0, 5.4, 5.7 என்று ஏறியது, பட்டை கிளம்பவில்லை. 5.9-இல் ஒரு விரல் அசைந்தது. மூத்த ரிக்கர் கையை மடக்கிக் காட்டிவிட்டார்: நிறுத்து.

ஆலையின் மேற்பார்வையாளர், "சார்ட்ல ஏழு டன் இருக்கே, தூக்கிடலாமே" என்றார். ரிக்கர் அவரிடம் வாதாடவில்லை. "இல்ல சார், எடை ஏன் கூடுச்சுன்னு தெரியாம நான் தூக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொக்கியைத் தளர்த்தச் சொன்னார். பட்டை தன் இரும்பு பீமில் அப்படியே உட்கார்ந்தது. கிரேனை மட்டும் நம்பி அறுத்திருந்தால், முனை முழுதும் அறுபட்ட ஆறு டன்னைக் கொக்கியில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று யோசித்திருப்போம். பீம் இருந்ததால் டீ குடித்துவிட்டு யோசித்தோம்.

பதில் குப்பைமேட்டில் கிடந்தது. கம்பித் துளைக்காக எடுத்த கோர் உருளைகளை எல்லாம் ஓரமாகக் கொட்டியிருந்தோம். யாரும் அளக்கவில்லை. முன்கூட்டியே கனம் பார்க்க நான் எடுத்த மூன்று கோர்களும் கிரேன் நிற்கும் பக்கத்து ஓரத்திலேயே எடுத்தவை, அங்கே 40 செ.மீ. சரியாகவே இருந்தது. இப்போது உருளைகளைக் கழுவி, துளை எண் வாரியாக வரிசை வைத்து டேப் பிடித்தோம். ஓரத்தில் 40.5. அடுத்த பட்டையில் 44. நடுவில் 50. மேல் 10 செ.மீ. நிறமே வேறு, நடுவில் ஒரு கோடுகூடத் தெரிந்தது. மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் வழிய, நடுமேடாகப் பிற்பாடு யாரோ ஒரு பூச்சு கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், அது எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. 0.5 மீ. கனத்துக்குப் பட்டை 5.25 டன், பீமோடு 5.85. செல் பொய் சொல்லவில்லை. 1200 பிளேடு தேவைப்பட்டதும் இதனால்தான்.

மூன்றாவது, நான்காவது பட்டைகளுக்கு இன்னும் நான்கு கம்பிகள் இறக்கி, தொங்கிய நிலையிலேயே நடுவில் குறுக்காக அறுத்து, பாதி பாதியாகத் தூக்கினோம். இரும்பு பீம் தாங்குவதால் இப்போது அந்தக் குறுக்குவெட்டு ஆபத்தில்லை. அடுத்த இரண்டு கண்களுக்குக் கோடே மாற்றினோம்: ஓரப் பட்டை இரண்டும் 1 மீட்டர், நடுவில் ஐந்து பட்டை 80 செ.மீ. அப்போது நடுப்பட்டையும் 4.2 டன்னுக்குள் அடங்கியது. முதல் கண்ணில் 8 தூக்கு, மற்றதில் ஏழேழு, ஆக 22. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோரையும் எடுத்தவுடன் அளந்து, துளையின் பக்கத்திலேயே பெயிண்டால் எழுதினோம். கிரேன் ஆபரேட்டர் கொக்கி மாட்டும் முன் அந்த எண்ணைப் படித்துத் தன் நோட்டில் எடை போட்டுக்கொள்வார்.

இரண்டாவது கண்ணில் வயர் ஒருமுறை அறுந்தது. அடி மூலையை உருட்டாமல் கூர்முனையிலேயே மெஷினை ஓடவிட்டதுதான் காரணம். புது வயரைக் கோத்ததும் முதலில் கையால் இழுத்து மூலையைத் தேய்த்து வழி பண்ண வேண்டும், மீட்டருக்கு ஒன்றரை முறுக்கு கொடுத்து இணைக்க வேண்டும். முறுக்கு கொடுத்திருந்தார்கள், மூலையை மறந்துவிட்டார்கள். வயர் நொடிக்கு இருபது மீட்டருக்கு மேல் ஓடும். அறுந்தால் வைர மணிகள் தோட்டாபோல் கிளம்பும். வயரின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்று கயிறு கட்டி, ஒட்டுப்பலகை மறைப்பு வைத்திருந்தோம். பலகையில் மூன்று மணிகள் புதைந்திருந்தன. அதைப் பிடுங்காமல் அந்தப் பலகையையே மறுநாள் காலைப் பேச்சுக்கு நடுவில் வைத்தேன். யாரும் அன்று கயிற்றைத் தாண்டவில்லை.

கடைசிப் பட்டைக்குத் துளையருகே எழுதியிருந்தது 41. 1 மீட்டர் அகலம், கணக்கு 4.3, பீமோடு 4.9. ஆபரேட்டர் ஒரு கையகலம் தூக்கி நிறுத்தினார். செல் 4.9. ரிக்கர் சுழற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். படகுப் பெரியவர் தொட்டியில் மிஞ்சிய சகதியை டிரம்முக்கு ஏற்றிவிட்டுத் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தார்.